இல்லாத ஊருக்கான விதிகள்

யாராவது ஒரு விண்ணப்பத்தோடு அந்த அம்மாள் எதிரே போய் நின்றால் முதலில் அவர்கள் முகத்தைப் பார்ப்பார். பிறகு தாளைப் பார்ப்பார். அப்புறம் நாற்காலியில் இருந்தபடியே பின்னால் திரும்பி அலமாரியைப் பார்ப்பார். அலமாரிப் பக்கம் திரும்பிவிட்டார் என்றால் பாதிக் காரியம் முடிந்த மாதிரிதான். "இடம் இருக்கும். தேடணும்" என்பார்.

பாளையங்கோட்டையில் ஓர் அரசு அலுவலகத்தில் எங்கள் பிரிவுக்கு அவர்தான் கண்காணிப்பாளர். எல்லோரும் சூப்பரண்டு அம்மா என்போம். அலமாரி நிறைய விதிப்புத்தகங்கள். விடுப்பு விதிகள், பயணப்படி விதிகள், நடத்தை விதிகள். அதே புத்தகங்கள் மற்றப் பிரிவுகளிலும் இருந்தன. அங்கே "முடியாது" என்று சொல்ல வேண்டியிருந்தால் அவற்றைத் திறப்பார்கள். இவர் திறந்தால் வேறு மாதிரி. கண்ணாடியை மூக்கின் நுனிக்கு இறக்கி, கொண்டையில் செருகியிருக்கும் சிவப்பு நீலப் பென்சிலை உருவி, ஒவ்வொரு வரியாக இறங்கிப் போவார். எங்கேயோ ஓரிடத்தில் ஒரு "எனினும்" இருக்கும். அதைப் பார்த்ததும் அவர் முகத்தில் வருகிற சந்தோஷத்தை, ரொம்ப நாள் காணாத சொந்தக்காரரைக் கோயில் கூட்டத்தில் பார்த்த சந்தோஷம் என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் அப்போது இளநிலை உதவியாளர். அப்பா பணியில் இருக்கும்போதே இறந்துபோனதால் கருணை அடிப்படையில் கிடைத்த வேலை. பிளஸ் டூ வரைதான் படிப்பு. பேச்சு வராது. கோப்பை மேசையில் வைத்துவிட்டு, என்ன கோப்பு என்றுகூடச் சொல்லாமல் திரும்பிவிடுவேன். தட்டச்சர் அண்ணாச்சி, "இந்தப் பிள்ளைக்குச் சம்பளம் குடுக்கும்போது பேச்சுக்கு உண்டானதைப் பிடிச்சுக்கிடணும்" என்பார். அவருக்கு ஐம்பது வயது தாண்டியிருக்கும். நெற்றி நிறைய விபூதி. இயந்திரத்தின் சத்தத்துக்கு மேலே பேசிப் பேசி, சும்மா இருக்கும்போதும் உரக்கத்தான் பேசுவார்.

ஒரு ஆடி மாதம் ஜீப் ஓட்டுநர் விடுப்பு கேட்டு வந்து நின்றார். அவர் முக்கூடல்காரர். குலசாமி கோயிலில் கொடை விழா. அந்த வருடம் பந்தல் பொறுப்பு அவர் வீட்டுக்கு. எடுக்க வேண்டிய விடுப்பையெல்லாம் ஏற்கெனவே எடுத்துத் தீர்த்திருந்தார்.

"சாமிகிட்டயே மனு போட்டு லீவு வாங்கும் வே. எங்க அம்மாவுக்கு அந்த அதிகாரம் கிடையாது" என்றார் அண்ணாச்சி.

"நீங்க சும்மா இருங்க அண்ணாச்சி, நானே வெந்துபோய் நிக்கேன்."

அந்த அம்மாள் அலமாரியைப் பார்த்தார். புத்தகத்தை எடுத்தார். பென்சில் வரி வரியாக இறங்கியது. பிறகு, "போன மாசம் ஞாயித்துக்கிழம வள்ளியூருக்கு வண்டி எடுத்தீங்கள்லா தம்பி?"

"எடுத்தேன் மேடம். அதுக்கு முந்தின ஞாயித்துக்கிழமையும் எடுத்தேன்."

"அதுக்குப் பதில் நாளு உங்களுக்கு உண்டு. கேட்டீங்களா?"

"கேக்கலையே."

"கேக்கல. அதான் அது அங்கனயே கெடக்கு."

கொடை முடிந்து ஓட்டுநர் பொங்கலும் பழமும் கொண்டுவந்தார். அந்த அம்மாள் ஞாயிறு தவறாமல் சபைக்குப் போகிற கிறிஸ்தவர். படைத்த பொங்கலைத் தொடவில்லை. சீப்பிலிருந்து ஒரு பழத்தைப் பிய்த்து உரித்துக்கொண்டே, "இது படைக்காத சீப்புதானே? படைக்காத பழத்துக்கு எங்கன தடை இருக்கு?" என்று கேட்டார். ஓட்டுநர் அவசரமாகத் தலையாட்டினார். படைத்ததா படைக்காததா என்று எனக்கு இன்றைக்கும் சந்தேகம்தான்.

அவருக்கு ஒரு தம்பி. கப்பலில் இயந்திரப் பகுதியில் வேலை. விடுமுறையில் வரும்போது மற்றவர்கள் போல் சோப்பும் செண்டும் கொண்டுவருவார். ஒருமுறை மூன்று தடிப் புத்தகங்கள் கொண்டுவந்தார். ஏதோ ஒரு துறைமுகத்தில் பழைய புத்தகக் கடையில் எடுத்தது. அட்டையில் விதி என்று போட்டிருந்ததைப் பார்த்ததும் அக்கா ஞாபகம் வந்து வாங்கிவிட்டாராம். கொடுக்கும்போது, "இது இல்லாத ஊருக்கு விதி. நீ இருக்குற ஊரு விதியெல்லாம் படிச்சு முடிச்சிட்டேல்லா" என்று சொன்னாராம்.

மந்திரம், வாள், பூதம் எல்லாம் உள்ள ஒரு கற்பனை நாட்டில் சிலர் சேர்ந்து ஆடுகிற விளையாட்டுக்கு உண்டான புத்தகங்கள் அவை. தாயம் போல் காய் கிடையாது, கட்டம் கிடையாது. ஒருவர் கதை சொல்வார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேடம் எடுத்துக்கொண்டு, நான் இதைச் செய்கிறேன், அதைச் செய்கிறேன் என்று வாயால் சொல்ல வேண்டும். செய்ய முடிகிறதா இல்லையா என்பதைப் புத்தகமும் பகடையும் தீர்மானிக்கும். முதல் புத்தகம் ஆடுகிறவர்களுக்கு. இரண்டாவது கதை சொல்கிறவருக்கு. மூன்றாவது முழுக்கப் பூதங்கள்.

வேறு யாராக இருந்தாலும் படம் பார்த்துவிட்டுப் பரணில் போட்டிருப்பார்கள். அந்த அம்மாள் மூன்றுக்கும் பழுப்பு அட்டை போட்டு, துறைத்தேர்வுக்குப் படிக்கிற மாதிரி படித்தார். சிவப்புக் கோடு முக்கியமான விதிக்கு. நீலக்கோடு விதிவிலக்குக்கு. எல்லாப் புத்தகத்திலும் நீலம்தான் அதிகம்.

ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் அண்ணாச்சி, ஓட்டுநர், நான் என்று எங்கள் மூன்று பேரையும் கூப்பிட்டார். நாளைக்கு மத்தியானம் வீட்டுக்கு வர முடியுமா என்று கேட்டார். ஏதோ அவசரக் கோப்பு என்று நினைத்துத்தான் நான் போனேன். பின்கட்டில் ஒரு மேசை. நாலு நாற்காலி. தேங்காய் பன். கருப்பட்டிக் காப்பி. மேசை நடுவில் அந்த மூன்று புத்தகங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் அண்ணாச்சிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, ரிட்டயராகப் போற காலத்துல என்னத் திருடனா வேசம் போடச் சொல்லுதியளா?"

"திருடன் வேண்டாம்னா துறவி இருக்கு அண்ணாச்சி."

"துறவியா? சாப்பாடு உண்டுமா?"

ஓட்டுநர் போர்வீரன் ஆனார். ஆனால் வாள் கேட்கவில்லை. வண்டி கேட்டார். புத்தகத்தில் குதிரை இருந்தது. அதற்கு எவ்வளவு புல் வேண்டும், எங்கே கட்டுவது, மழை வந்தால் என்ன செய்வது என்று அன்று முழுக்க அதே பேச்சு. நான் வைத்தியச்சி. காயம்பட்டவருக்கு மருந்து போட்டுவிட்டால் போதும், அதிகம் பேச வேண்டாம் என்று அதை எடுத்துக்கொண்டேன். பக்கம் தேடிக் கொடுக்கிற வேலையும் என்னிடம் வந்தது. ஆங்கிலம் எனக்கு அவ்வளவாக ஓடாது. ஆனால் எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எந்த விதி என்று போகப் போகத் தெரிந்துவிட்டது.

இருபது முகப் பகடை வேண்டும் என்று போட்டிருந்தது. அப்படி ஒன்றை நாங்கள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. தம்பி வாங்கிய கடையிலும் அது இல்லை. புத்தாண்டு ஆராதனையில் அவர்கள் சபையில் வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள்; பெட்டிக்குள் கைவிட்டு, வருகிற வசனம் அந்த வருடத்துக்கு. அதேபோல் அந்த அம்மாள் இருபது அட்டை வெட்டி எண் எழுதி ஒரு தகரப் பெட்டியில் போட்டார். ஆபத்து வரும்போதெல்லாம் பெட்டி நம் பக்கம் வரும். கண்ணை மூடிக்கொண்டு எடுக்க வேண்டும். எண் பெரிதானால் பிழைத்தோம், சிறிதானால் மாட்டினோம். அவர் அந்த நேரத்தில் தலையைக் குனிந்துகொள்வார். அண்ணாச்சி வாய்க்குள் எதையோ முணுமுணுப்பார். ஓட்டுநர் எடுத்த அட்டையைப் பார்க்காமலே நெற்றியில் ஒற்றிக்கொள்வார். அந்த மேசையில் எல்லாச் சாமிக்கும் வேலை இருந்தது.

எங்களுக்காக விதிகளை அவர் தமிழில் சொல்ல வேண்டியிருந்தது. அவருக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். உடம்பில் மீதமுள்ள உயிருக்கு "இருப்பு" என்று பெயர். விஷம், மந்திரம், விபத்து எது வந்தாலும் தப்பிக்க இன்னொரு வாய்ப்பு உண்டு, அது "மேல்முறையீடு". முதல் பூதம் வந்த நாளில் புத்தகத்தைப் பார்த்து அவர் வாசித்தது இன்றும் என் காதில் இருக்கிறது. "மேற்படி பூதமானது, தன்னைத் தாக்க முற்படும் நபரைத் திருப்பித் தாக்கலாம். பசி இல்லாத நேர்வுகளில் தாக்காமலும் விடலாம்."

"பசி இருக்கா இல்லையான்னு யாரும்மா சான்று குடுக்கது?" என்று கேட்டார் அண்ணாச்சி.

"கேளுங்க. பேசலாம்னு போட்டிருக்கு."

அண்ணாச்சி பூதத்திடம் பேசினார். பூதம் ஒரு பாலத்தை மறித்துக்கொண்டு நின்றது. அதற்கு என்ன வேண்டும், யாரிடம் மனு கொடுத்தால் வழிவிடும், மனு கொடுத்தால் எத்தனை நாளில் உத்தரவு வரும் என்று கேட்டார். ஓட்டுநர் வேறு வழி சொன்னார். "அண்ணாச்சி, இது காவலுக்கு நிக்கிற சாமி மாதிரில்லா இருக்கு. பொங்கல் வச்சு ஒரு கெடா வெட்டினா தானா ஒதுங்கிரும்." அந்த அம்மாள் புத்தகத்தைத் தேடினார். பூதத்துக்கு உணவு கொடுப்பது பற்றி நீலக்கோட்டில் ஒரு வரி கிடைத்தது. "இடம் இருக்கு" என்றார். கிடா வெட்டினோம். பாலம் திறந்தது. நாங்கள் அந்தப் பக்கம் போய்ப் பார்த்தால் கீழே ஓர் ஆறு. மேற்கே மலையில் பிறந்து கிழக்கே கடலுக்குப் போகிற ஆறு. ஆறு வேறு எப்படியும் போகலாம் என்று எங்களில் யாருக்கும் தோன்றவில்லை.

அப்படியே ஒரு வருடத்துக்கு மேல் ஆடினோம். ஒருநாள் சபையின் பெண்கள் ஐக்கிய சங்கத்திலிருந்து ஓர் அம்மாள் ஏதோ கூட்டத்துக்குச் சொல்ல வந்தவர், பூதப் புத்தகம் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டார். கொம்பும் வாலுமாக ஒரு படம்.

"என்ன இது, பிசாசு படத்த வச்சிக்கிட்டு உக்காந்திருக்கிய?"

"பிசாசுதான். ஆனா பாருங்க, இது என்னென்ன செய்யக்கூடாதுன்னு ஒரு பக்கத்துக்குப் போட்டிருக்கு. நம்ம பக்கம் இவ்வளவு தெளிவா யாரு எழுதி வச்சிருக்கா?"

வந்த அம்மாள் அந்தப் பக்கத்தை எட்டிப் பார்த்தார். உட்கார்ந்தார். ஒரு காப்பி குடித்தார். போகும்போது, "தண்ணிய அதால தாண்ட முடியாதா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

அடுத்த விடுமுறையில் தம்பி வந்தார். ஒரு சனிக்கிழமை எங்கள் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார். நாங்கள் மூன்று பேரும் ஆறாவது பதவி உயர்வில் இருந்தோம். நடந்துகொண்டிருந்தது ஒரு விசாரணை. குகைக்குள் இருந்த ராட்சசனின் ஆடு ஒன்று காணாமல் போயிருந்தது. அண்ணாச்சி அவன் தரப்பில் சாட்சிகளைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

தம்பி ரொம்ப நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "எக்கா, இவங்க இதுவரைக்கும் எத்தனைய கொன்னிருக்காங்க?" என்று கேட்டார்.

"கொல்லவா? என்னத்துக்கு?"

"என்னத்துக்கா? கொன்னாத்தான் மேல போக முடியும். அடிக்கணும், புதையலைப் பிடுங்கணும். அதான் ஆட்டமே. இவங்க எப்படி ஆறாவதுக்கு வந்தாங்க?"

"பணிமூப்புல."

அவருக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்காலியில் இருந்து எழுந்து போய்க் கொய்யா மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆடுகிறவரின் அனுபவம் கூடக்கூட மேலே போவார் என்று புத்தகத்தில் இருந்திருக்கிறது. எங்கள் அலுவலக ஆள் யாராக இருந்தாலும் அதை எப்படி எடுத்துக்கொள்வாரோ அப்படித்தான் அந்த அம்மாளும் எடுத்துக்கொண்டிருந்தார். சனிக்கிழமை தவறாமல் வந்தவருக்கு வருகைப்பதிவை வைத்துப் பதவி உயர்வு.

"தம்பி, அடிச்சுப் பிடுங்கி மேல போற ஆபீசு வேற. நம்ம ஆபீசு அது இல்ல" என்றார் அண்ணாச்சி, காப்பியை ஆற்றிக்கொண்டே.

அந்த அம்மாள் சிரிக்கவில்லை. அந்த வாரம் முழுக்கப் புத்தகமும் கையுமாக இருந்தார். அடுத்த சனிக்கிழமை எங்களை உட்காரவைத்து, "தம்பி சொன்னதுதான் சரி. நான் தப்பா வாசிச்சிட்டேன்" என்றார். எங்களுக்கு முகம் விழுந்துவிட்டது. ஓட்டுநர், "அப்ப எல்லாரும் மறுபடி கீழ எறங்கணுமா மேடம்?" என்று கேட்டார்.

"பொறுங்க" என்று இரண்டாவது புத்தகத்தைத் திறந்தார். மேசையில் இருக்கிறவர்களுக்கு ஒத்துவராத விதியை அவர்களே மாற்றிக்கொள்ளலாம் என்ற அர்த்தத்தில் முன்பக்கத்திலேயே ஒரு வரி இருந்தது. அதன் கீழே நீலப் பென்சில் மூன்று முறை ஓடியிருந்தது. அலுவலகத்தில் விதி மாறும்போது புத்தகத்தில் திருத்தச் சீட்டு ஒட்டுவோம். அதேபோல் அண்ணாச்சியைக் கொண்டு ஒரு சீட்டு தட்டச்சு செய்து ஒட்டினார். "இதுவரை வழங்கப்பட்ட பதவி உயர்வுகள் எக்காரணம் கொண்டும் திரும்பப் பெறப்படமாட்டா. நடப்பு முறையே தொடரும்." அதற்குப் பிறகு அந்தப் புத்தகங்களில் சீட்டுகள் கூடிக்கொண்டே போயின. ஓட்டுநர் கிணற்றில் விழுந்ததற்கு ஒரு சீட்டு. அவர் குதிரை குட்டி போட்டதற்கு ஒரு சீட்டு. புத்தகம் மூட முடியாத அளவுக்கு உப்பிவிட்டது.

பிறகு அந்த அம்மாளுக்கு உண்மையான பதவி உயர்வு வந்தது. கூடவே இடமாற்றமும் வந்தது. வடக்கே தர்மபுரி.

அவர் எங்களுக்கு எத்தனை முறை இடம் தேடிக் கொடுத்திருப்பார். தனக்கு மட்டும் அலமாரியைத் திறக்கவே இல்லை. "போறேன். அந்த ஊர் விதியும் இதே விதிதான்" என்றார். கடைசிக்கு ஒரே ஒரு சனிக்கிழமை மிச்சம் இருந்தது. அன்றைக்கு என்ன ஆடலாம் என்று பேசிக்கொண்டிருந்தபோது ஓட்டுநர் சொன்னார்: "மேடம், நீங்க ஒரு நாளாச்சும் ஆடினீங்களா? புஸ்தகத்தப் பிடிச்சுக்கிட்டே இருந்திட்டீங்களே."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கும் ஆசைதான் தம்பி. புஸ்தகத்தை யாராவது பிடிக்கணும்லா."

இவ்வளவு நாளில் அவர் தனக்கென்று ஒன்றைக் கேட்டது அதுதான். அதுவும் கேட்ட மாதிரி இல்லை.

"என் இங்கிலீசு விரல்ல இருக்கு. வாயில கிடையாது" என்று அண்ணாச்சி ஒதுங்கிக்கொண்டார். ஓட்டுநர் தன்னால் வண்டி மட்டும்தான் ஓட்ட முடியும் என்றார். பிறகு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பக்கம் எங்கே இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் நான்.

அந்த வாரம் முழுக்க எனக்கு அதே நினைப்பு. கதை சொல்கிறவர்தான் பேசிக்கொண்டே இருக்க வேண்டும். எதிரே உட்காரப் போவது அத்தனை விதியும் மனப்பாடமாகத் தெரிந்த மேலதிகாரி. நான் வாயைத் திறந்தால் ஒவ்வொரு வரிக்கும் சிவப்புக்கோடு விழும் என்று நினைத்தேன். வெள்ளிக்கிழமை காய்ச்சல் என்று எழுதிக் கொடுத்துவிடலாமா என்றுகூட யோசித்தேன். ஆனால் நான் வரவில்லை என்றால் அந்த அம்மாள் ஆடாமலே ரயில் ஏறிவிடுவார். அது மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

டவுனிலிருந்து வருகிற பஸ் ஆற்றுப்பாலத்தில் ஏறும்போது சன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தேன். வயலில் ஒரு நாரை ஒற்றைக்காலில் நின்றது. அது இந்த பஸ் அளவு இருந்தால் எப்படி இருக்கும் என்று தோன்றியது. அவ்வளவுதான் எனக்குக் கிடைத்த கதை. பஸ் அளவு நாரை ஒன்று ஓர் ஊருக்கு வந்துவிட்டது. மீனுக்குப் பதிலாக ஆடு மாட்டை விழுங்குகிறது. சனங்கள் கோட்டைக்குள் அடைந்து கிடக்கிறார்கள். நாரையை அந்த ஊரை விட்டு அனுப்ப வேண்டும்.

சனிக்கிழமை அவர் நாற்காலியில் நான் உட்கார்ந்தேன். அவர் எனக்கு எதிரே, என் பழைய இடத்தில். என்ன வேடம் என்று கேட்டேன். சத்தம் எனக்கே கேட்கவில்லை.

"திருடி" என்றார். "பதினாறு வயசு. பேரு கிரேஸ்."

"திருட்டுக் குட்டிக்கு கிரேஸ்ன்னா பேரு வைப்பாங்க?" என்றார் அண்ணாச்சி.

"வச்சா என்ன? ஞானஸ்நானம் குடுக்கும்போது அவ திருடலையே."

ஆட்டம் தொடங்கியதும் கிரேஸ் முதல் வேலையாகக் கோட்டை வாசல் காவல்காரனின் குடையைத் திருடினாள். ஏன் என்று கேட்டேன். "அழகா இருந்துச்சு" என்றார் அந்த அம்மாள். அப்புறம் ஊர்த் தலைவரிடம் தன்னை அவருடைய ஒன்றுவிட்ட தங்கச்சி மகள் என்று பொய் சொன்னாள். மனு வாங்குவதற்கென்று வாசலில் ஒரு பூதத்தை நான் உட்காரவைத்திருந்தேன். அண்ணாச்சிக்குப் பிடிக்குமே என்றுதான். அண்ணாச்சி மனுவை எடுத்துக்கொண்டு போவதற்குள் கிரேஸ் அதைப் பின்னால் இருந்து அகழிக்குள் தள்ளிவிட்டாள். பூதம் முங்கிவிட்டது. எங்கள் ஆட்டத்தில் விழுந்த முதல் கொலை.

அண்ணாச்சி நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "அம்மா, அது மனு வாங்குத பூதம்லா."

"வாங்கட்டும். மேல போய் வாங்கட்டும்."

நான் விதியைப் பற்றி ஏதாவது சொல்வார் என்று காத்துக்கொண்டே இருந்தேன். ஒரு வார்த்தை சொல்லவில்லை. புத்தகத்தின் பக்கமே பார்க்கவில்லை. ஓர் இடத்தில் நான் இருப்பைத் தப்பாகக் கழித்துவிட்டேன். ஓட்டுநர் அதைச் சொல்ல வாயெடுத்தார். "ஏலே, சும்மா இரு. அவ சொன்னா சொன்னதுதான்" என்றார் அந்த அம்மாள். அலுவலகத்தில் கடைநிலை ஊழியரைக்கூட வாங்க போங்க என்கிறவர். ஓட்டுநர் ஏதோ விருது வாங்கினதுபோல் அண்ணாச்சியைப் பார்த்தார்.

நாரை வந்தது. கோட்டைச் சுவருக்கு வெளியே நின்றது. அண்ணாச்சி அதற்கு மீன் குளம் ஒன்றை ஒதுக்கிக் கொடுப்பது பற்றிப் பேச்சுவார்த்தை தொடங்கினார். கிரேஸ் சுவர்மேல் ஏறினாள்.

"என்ன செய்யப் போறீங்கக்கா?" என்று கேட்டேன். அன்றைக்கு என் வாயில் மேடம் வரவில்லை.

"அது முதுகுல குதிக்கப் போறேன்."

"சுவரு பனைமர உசரம்னு சொன்னேன்லா?"

"சொன்ன. குதிக்கேன்."

பெட்டியை நகர்த்தினேன். இரண்டு வருடமாக எங்களுக்கு நீட்டிக்கொண்டிருந்த பெட்டிக்குள் அன்றைக்குத்தான் தன் கையை விட்டார். கண்ணை இறுக்க மூடிக்கொண்டார். வந்தது இரண்டு. மேல்முறையீட்டுக்கு இன்னொன்று எடுத்தார். நாலு.

அண்ணாச்சி குரலைத் தாழ்த்தி, "பிள்ள, பாத்துச் சொல்லு. இடம் இருக்கும்" என்றார். "கீழ வைக்கப்போர் கெடந்துச்சுன்னு சொல்லும்மா, முடிஞ்சு போச்சு" என்றார் ஓட்டுநர்.

புத்தகத்தைப் புரட்டினேன். இடம் இருந்தது. ஓட்டுநர் கிணற்றில் விழுந்ததற்கு அவர் ஒட்டிய சீட்டு. விழுகிறவர் எதையாவது பற்றிக்கொண்டால் பாதிச் சேதம்தான். அதை வாசித்தால் போதும். தலைநிமிர்ந்து அவரைப் பார்த்தேன். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிப் பிடித்துக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பயந்து போயிருந்தார். அந்தப் பயத்தை நாங்கள் மூன்று பேரும் எத்தனையோ சனிக்கிழமை அனுபவித்திருக்கிறோம். அவருக்கு அதுதான் முதல் தடவை. மேலதிகாரி என்று சலுகை காட்டி அதை அவரிடமிருந்து வாங்கிக்கொள்ள எனக்கு மனம் வரவில்லை.

புத்தகத்தை மூடினேன்.

"இல்லக்கா. செத்துட்டா" என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். நான் செய்தது தப்போ என்று பெட்டியை என் பக்கம் இழுத்துக்கொண்டேன். அப்புறம் அவர் தோள் குலுங்கியது. சிரிக்கிறார் என்று புரிய எங்களுக்குக் கொஞ்ச நேரம் ஆனது. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்தார். எழுந்து சுற்றுச்சுவர் அருகே போய் அடுத்த வீட்டு அம்மாளைக் கூப்பிட்டார். "கேட்டியளா, என்னக் கொன்னுட்டாங்க. எங்க ஆபீசுப் பிள்ளதான். பேசவே பேசாதுன்னு சொல்லுவேன்லா, அந்தப் பிள்ள."

"எப்படி?" என்று அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது.

"கோட்டையில இருந்து விழுந்துட்டேன்."

திரும்பி வந்து காப்பியை ஒரே மடக்கில் குடித்தார். "கிரேசுக்கு ஒரு தங்கச்சி உண்டு. மெர்சி. அக்கா செத்த சேதி கேட்டு ஓடி வாரா. எழுது" என்றார்.

மெர்சி அக்காவைவிட மோசம். வந்த வேகத்தில் அதே சுவரில் ஏறி அதே மாதிரி குதித்தாள். நாரை அவளை முழுசாக விழுங்கியது. அண்ணாச்சி, "இந்தக் குடும்பத்துக்கு ஏணியே காட்டக்கூடாது" என்றார். அதற்கடுத்தவள் ஸ்டெல்லா. அவளும் ஏறினாள். பின்கட்டில் நிழல் கொய்யா மரத்தைத் தாண்டிச் சுற்றுச்சுவருக்கு வந்திருந்தது. ஓட்டுநர் தன் குதிரையை மறந்து எழுந்து நின்றுவிட்டார். அந்த அம்மாள் பெட்டிக்குள் கைவிட்டு ரொம்ப நேரம் துழாவினார்.

பத்தொன்பது.

ஸ்டெல்லா நாரையின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நாரை ஓடி, எம்பி, மேலே கிளம்பியது.

"எந்தப் பக்கம் போகணும்க்கா?"

"ஆத்தோட போகட்டும். பைய போகட்டும். கீழ என்ன தெரியுது?"

சொன்னேன். வயல் தெரிகிறது. குளம் தெரிகிறது, குளத்துக்குள் குளித்துக்கொண்டிருக்கிற எருமை தெரிகிறது. பாலத்தில் ஒரு பஸ் சின்னதாகப் போகிறது. ஓர் அலுவலகத்தின் மொட்டைமாடி, அதன் வாசலில் தாளைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிற ஆட்கள், அவர்கள் அண்ணாந்து பார்க்கிறார்கள். நாரையின் இறகு கையில் எப்படி இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது, கடல் இன்னும் எவ்வளவு தூரம். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு நேரம் பேசினேன் என்று தெரியவில்லை. அண்ணாச்சியின் காப்பியில் ஆடை படிந்திருந்தது.

தெருவிளக்கு எரிந்தபோது புத்தகத்தை எடுத்து வைத்தேன். அவர் கண்ணைத் திறந்தார்.

"இவளை எறக்கிராத பிள்ள."

"எப்ப எறக்கணும்க்கா?"

"நான் சொல்லுதேன்."

திங்கட்கிழமை அவர் தர்மபுரிக்குப் போனார். அவர் இன்னும் சொல்லவில்லை. நானும் இறக்கவில்லை.